கடந்த ஐந்து ஆண்டுக்குள்

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. மாமாவின் போனுக்கு அடித்தால், "அவ குளிக்கிறாம்மா" என்கிறார். ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள், அதுவும் உங்கள் தெருத் தண்ணீரில்? அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் அதற்குமுன் இரண்டு வரியாவது உன் கண்ணில் படும்.

கோபத்துக்குக் காரணம் என்னவென்று ஓரளவு ஊகிக்கிறேன். அதைப் பிறகு பேசலாம். இது அவசரம்.

போன மாதம் உங்கள் தெருவில் எங்கள் அலுவலகத்துக் கணக்கெடுப்பு நடந்தது. இதுவரை ஒரு வீட்டில் போய் ஒரே கேள்விதான் கேட்பார்கள், மாதம் எவ்வளவு வருகிறது என்று. மாமா வெல்டிங் பட்டறையில் வாங்குவதையும் நீ சட்டைக் கம்பெனியில் காலர் தைத்து வாங்குவதையும் கூட்டினால் நீங்கள் ஏழை இல்லை. அத்தோடு வந்தவர் போய்விடுவார். இந்தத் தடவை அப்படி இல்லை. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவறை யாருடையது, அடுப்பு எதில் எரிகிறது, யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றாகிவிட்டால் அது ஏழை வீடு, வருமானம் என்னவாக இருந்தாலும் சரி. ஒரு தெருவில் பாதி வீடு அப்படி இருந்தால் அந்தத் தெருவுக்குத்தான் முதலில் புதுக் குழாய் போடுவார்கள், முதலில் நர்ஸும் வருவாள்.

உங்கள் தெரு இரண்டு வீடு குறைந்ததால் தவறிப்போய்விட்டது.

உன் வீட்டுப் பதில்களை எடுத்துப் பார்த்தேன். சொந்தக்காரர் வீட்டை நான் பார்க்கக் கூடாது, இருந்தாலும் பார்த்தேன். எட்டாவது கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுக்குள் இந்த வீட்டில் குழந்தை இறந்ததுண்டா? பதில், இல்லை. கணினியில் ஏற்றியவர் தவறாக ஏற்றிவிட்டார் என்று நினைத்து மூலத்தாளை வரவழைத்தேன். அதிலும் இல்லை என்றுதான் இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

வந்த பெண் கேட்காமலேயே நிரப்பினாளா? அப்படியானால் சொல். மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு மனம்போன போக்கில் பதில் எழுதிய இரண்டு பேரை இந்த வருஷம் நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். இவளையும் அனுப்ப எனக்குத் தயக்கம் இல்லை.

உன் தங்கை


செப்டம்பர் 21

கணக்குப்புலிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் அலுவலகத்துத் தாள் நல்ல மொடமொடப்பாக இருக்கிறது, அரைக் கிலோ வெங்காயம் தாங்கும்.

அந்தப் பெண்ணை ஒன்றும் செய்துவிடாதே. வேகாத வெயிலில் வந்தாள், முகம் கறுத்துப் போயிருந்தது. எல்லாக் கேள்வியையும் கேட்டாள். நான்தான் இல்லை என்றேன். காதில் விழுந்தது, புத்தியும் தெளிவாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னேன்.

உனக்குக் காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் நீ சின்ன வயதில் சோறுகூடத் தின்றதில்லை. சரி, கேட்டுக்கொள்.

வீடு வீடாகப் போனால் பாதிக் கதவு பூட்டியிருக்கும் என்று அவள் குழாயடிக்கு வந்துவிட்டாள். எங்கள் குழாய் உனக்குத் தெரியும். சாக்கடையை ஒட்டி வருகிற அதே பைப்தான், முதல் இரண்டு குடம் கறுப்பாக வரும், கீழே ஊற்றிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஷிப்டுக்குப் போக வேண்டும் என்று நான் முதலில் நின்றேன். எனக்குப் பின்னால் பால்காரம்மா, அவளுக்குப் பின்னால் மிச்சத் தெரு. குடம் நிறைகிற நேரத்துக்குள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். கழிவறை பற்றிக் கேட்டபோது நல்ல சிரிப்பு. "பத்து வீட்டுக்கு ரெண்டு இருக்கும்மா, அதுல ஒண்ணுக்குக் கதவு கிடையாது, பாட்டுப் பாடிக்கிட்டே போகணும்" என்றாள் பால்காரம்மா.

எட்டாவது கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது போல. எங்களைச் சமாதானப்படுத்த ஒரு விளக்கம் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க. எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் ஒரு வீட்டைப் பத்திச் சொன்னாங்க. அப்பா வெல்டர். பாக்கெட்ல அந்த வாரச் சம்பளம் அப்படியே இருக்கு. பிள்ளைக்கு வாந்தி பேதி. காசு இருந்தும் தண்ணி சரியில்ல, பக்கத்துல டாக்டர் இல்ல, பாலத்தைத் தாண்டிப் போறதுக்குள்ள போயிடுச்சு. இந்த வீடு ஏழை இல்லைன்னு எப்படிச் சொல்வீங்கன்னு கேட்டாங்க. எங்க எல்லாருக்கும் கண் கலங்கிடுச்சு."

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு அந்தப் பெண் பேனாவைத் திறந்துகொண்டு, "உங்க வீட்ல அப்படி ஏதாவது உண்டாக்கா?" என்று கேட்டாள்.

நீயே சொல், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் பிள்ளையைப் பாடமாக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டு, அது திரும்பி என் குடத்தடிக்கே வந்து நிற்கும்போது ஆமாம் என்று தலையாட்ட வேண்டுமா?

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

ஆமாம், சொன்னேன். மறுபடி அந்த அறையில் உட்கார வைத்தால் மறுபடியும் சொல்வேன்.

அது என்ன அறை என்று உனக்குத் தெரிய வேண்டும். நீள மேசை, குளிரூட்டி, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர், பாதி குடித்துவிட்டு மூடி வைத்த பாட்டில்கள். எட்டாவது கேள்வியை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் அலுவலகப் பெரியவர் சொன்னார், "அது வேணாம்மா. ஜனங்க மனசு கஷ்டப்படும்." ஜனங்களின் மனக்கஷ்டத்தைப் பற்றி அந்த மனிதர் கவலைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எடுத்திருப்பார்கள். தண்ணீர் வரும் தூரத்தை அளந்து, தரை மண்ணா சிமெண்டா என்று அளந்து, அந்தத் தண்ணீர் செய்த வேலையை மட்டும் விட்டிருப்பார்கள். அப்போதுதான் சொன்னேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை, என் அக்கா என்றும் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் கேள்வி தங்கிவிட்டது.

பாடம் எடுக்கும்போதும் சொன்னேன். அந்தப் பெண்கள் அந்தக் கேள்வியைக் காய்கறி விலை விசாரிப்பது போலக் கேட்கக் கூடாது என்பதற்காக. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. குழாயடியில் கேட்பாள் என்றோ, நான் சொன்னதையே எடுத்து விடுவாள் என்றோ எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் நீ நின்றிருக்கக் கூடாது. உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பாய். கேட்டிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய்.

நான் அவனுக்குச் சித்தி. ஆஸ்பத்திரி வாசலில் உன் கையிலிருந்து அவனை வாங்கியது நான். அவனைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதில் தவறு என்று அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் மறு விசாரணைக்கு ஆள் வரும். நான் உங்களுக்காக எழுத முடியாது, வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும். ஆனால் சீக்கிரம். மறு விசாரணை என்றால் விசாரிக்கிற நாளிலிருந்துதான் ஐந்து வருஷத்தைப் பின்னால் எண்ணுவார்கள். வாண்டு போனது மார்ச் பதினாலு. வருகிற மார்ச் பதினாலோடு ஐந்து வருஷம் முடிகிறது. அதற்குள் வந்து கேட்டால்தான் கணக்கில் சேரும்.

தங்கை


அக்டோபர் 30

தங்கைக்கு,

உன் கடைசி நான்கு வரியை உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் எதற்கும் அதிகம் பேசாதவர், உனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மார்ச் பதினஞ்சாம் தேதி கேட்டா அவன் சாகலையா?" என்றார். நீ படித்தவள், பதிலை நீ எழுது.

ஐந்து வருஷம் என்று யார் தீர்மானித்தது? உன் மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களா? எனக்கு ஒரு நாளும் அது ஐந்து வருஷமாக இல்லை. தைத்துக்கொண்டே இருப்பேன், ஊசி நின்றுவிடும், சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டுவாள்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது என்னை அரிக்கும். குழாயடியில் நான் இல்லை என்றதும் அந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்ற பால்காரம்மாவிடம் போனாள். பால்காரம்மாவுக்கு, எனக்கு நடந்த மறுவருஷம் கைக்குழந்தை போனது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானே இல்லை என்றபிறகு அவள் எப்படி உண்டு என்பாள்? எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? அவளும் இல்லை என்றாள். நீ சொன்ன இரண்டு வீடு எது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

ஆனாலும் எழுதித் தரமாட்டேன். "அவன் பேரைச் சொல்லித்தான் குழாய் வாங்கணுமா?" என்கிறார் உன் மாமா. எனக்கும் அதேதான். இவ்வளவு நாள் நாற்றம் பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம், இனியும் குடிப்போம்.

அக்கா


நவம்பர் 12

அக்கா,

மாமாவின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். எப்போதோ நடந்ததையெல்லாம் சேர்த்தால் இன்று ஒரு தெருவில் தண்ணீர் சரியாகிவிட்டதா இல்லையா என்று தெரியாது. மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எல்லை வேண்டும். எல்லை எங்கே வைத்தாலும் அதற்கு மறுநாள் யாராவது ஒருவர் வெளியே நிற்பார். நான் பத்து வருஷம் கேட்டேன், ஐந்து கொடுத்தார்கள். படிப்பாளிக்கு இது சரியான பதில். மாமாவுக்கு இது பதிலே இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. வேலையில் எண்களைப் பார்க்கும்போது ஒவ்வொரு "இல்லை"யும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எத்தனை குழாயடியில் எத்தனை பேர் முன்னால் நின்றவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது என்று நினைக்கிறேன். பெரியவரிடம் சொன்னேன். "இந்த மட்டுக்காவது பதில் வந்துச்சேன்னு சந்தோஷப்படும்மா" என்றார்.

இனி உன்னை வற்புறுத்தமாட்டேன். நீ எழுதித் தர வேண்டாம். போனையாவது எடு.

தங்கை


ஜனவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீயும் குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று உன்னிடம்கூட மறைத்தேன். அம்மா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். கோபத்தில் மறைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பயம்தான். தெரிந்த நாளிலிருந்து உன் மாமா பட்டறை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருகிறார். அங்கே குழாய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். அதை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. அவர் மட்டும் பழைய தண்ணீரையே குடிக்கிறார், கேட்டால், "இரும்புக்கு என்ன ஆகும்" என்கிறார்.

கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று உனக்கு வீராப்பாக எழுதினேன். போன வாரம் பால்காரம்மாவின் பெண்ணுக்கு வாந்தி. அதே மாதிரி, காலையில் தொடங்கி மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. உன் மாமாவும் பட்டறை ஆட்களும் யாரோ ஒருவரின் வேனைப் பிடித்து அனுப்பினார்கள், பிழைத்துவிட்டது. நான் போகவில்லை. வேன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் சமையல்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நானே பால்காரம்மா வீட்டுக்குப் போனேன். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பால் விலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம் அவளே கேட்டாள், "அன்னைக்கு நீ ஏன் இல்லைன்ன?" நான், "நீ மட்டும் ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன். "உன்னைப் பாத்துத்தான்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம், உடனே டீ போட்டுக் குடித்தோம்.

இரண்டு வீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்கள் கிளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். உன் மாமாவும் போட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எப்போது வருவார்கள்?

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஆபீஸ் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. டாக்டரிடம் மாதாமாதம் போ. மாமாவிடம் சொல், இரும்பும் துருப்பிடிக்கும், அவரும் அந்தக் கேன் தண்ணீரையே குடிக்கட்டும்.

மனுக்கள் வந்துவிட்டன. பிப்ரவரி ஆரம்பத்திலேயே ஆள் வந்திருக்க வேண்டும். இங்கே வண்டிக்கு டீசல் அனுமதி வரவில்லை என்று ஒரு வாரம், அனுமதி வந்தபோது டிரைவர் லீவு என்று ஒரு வாரம். உங்கள் பக்கம் வர வேண்டிய ஆளை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். நான் தினமும் போய் அவர்கள் மேசை முன்னால் நிற்கிறேன். "உங்களுக்கு ஏன் அந்தத் தெரு மேல இவ்வளவு அக்கறை?" என்று கேட்டார் ஒருவர். சொந்தக்காரர் என்று சொன்னால் விசாரணையையே நிறுத்திவிடுவார்கள். சும்மா சிரித்துவிட்டு வந்தேன்.

பதினாலுக்குள் வந்துவிடுவார்கள். வந்துவிட வேண்டும். இறப்புச் சீட்டு கேட்பார்களோ என்று பயப்படாதே. ஆஸ்பத்திரிக்குள் போகும் முன்பே நடந்ததால் நம்மிடம் சீட்டு இல்லை, உங்கள் தெருவில் பல பேருக்கும் அப்படித்தான். வாயால் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள்.

தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

வந்தார்கள். முந்தாநாள், ஏப்ரல் மூன்று.

அதே பெண்தான். இந்தத் தடவை தெருமுனையிலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள், குழாய் உடைந்து அவ்வளவு சேறு. பால்காரம்மா வீட்டை முடித்துவிட்டு இங்கே வந்தாள். பால்காரம்மாவுக்குச் சிக்கல் இல்லை, அவளுடையது நான்கு வருஷம்தான். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். உன் மாமா பட்டறையிலிருந்து வந்து வாசல்படியிலேயே நின்றார்.

அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாண்டு என்று கூப்பிட்டதிலிருந்து, வெல்டிங் பொறி பறக்கிறதைப் பார்த்தால் கையைத் தட்டுவான் என்பதிலிருந்து, பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டது, அவர் டிரைவரிடம் சம்பளக் கவரை அப்படியே நீட்டியது, அவன் என் கழுத்தில் கையைப் போட்டிருந்தது, அது தளர்ந்தது. ஐந்து வருஷமாக இந்த வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசாததை ஒரு மூன்றாம் மனுஷியிடம் கொட்டினேன். அவள் எழுதவே இல்லை. முடித்தபிறகு மெதுவாக, "என்னைக்குக்கா?" என்று கேட்டாள். மார்ச் பதினாலு என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். "அக்கா, மன்னிச்சிடுங்க. அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. இப்பத்தான் தாண்டியிருக்கு. இது சேராது" என்றாள்.

வயிற்றில் இருந்தது ஒரு உதை விட்டது, அதுகூட எங்கேயோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே, "நாள் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா? சில பேருக்கு மாசம் முன்னப்பின்ன ஆயிடும். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

வாசலிலிருந்து உன் மாமா பேசினார். "ஏப்ரல்ங்க. ஏப்ரல் கடைசி. வெயில் நல்லா ஏறிடுச்சு அப்ப. அவளுக்கு மாசம் குழம்புது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பெயரைச் சொல்லிக் குழாய் வாங்கக் கூடாது என்று சொன்ன மனுஷன். அந்தப் பெண் ஏப்ரல் என்று எழுதினாள். அடுத்து, "இறக்கும்போது வயசுக்கா?" என்றாள்.

அவன் பிறந்தது ஏப்ரல் பதினொன்று, மூன்று முடிய நான்கு வாரம் இருக்கும்போது போனவன். நான், "மூணு" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வயது ஆனவனைப் பெற்றவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு ஏப்ரல் முழுக்க அவன் வீட்டில் இருந்திருக்கிறான். காலுக்குப் பெரிசு என்று எடுத்து வைத்த செருப்பு அந்த மாதம் பொருந்தியிருக்கும். அவர் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ராத்திரி கண்ணாடி இல்லாமல் பொறியைப் பார்க்கவிட்டீர்களா என்று நான் சண்டை போட்டிருப்பேன். அந்தப் பெண் போய் வெகுநேரம் ஆனபிறகும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், நடந்தது போலவே. அப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்று பயம் வந்தது.

சரியான நாள் எங்களைத் தவிர உனக்குத்தான் தெரியும். தாள் உன் அலுவலகத்துக்குத்தான் வரும். பொய் எழுதினவர்களை நீ வேலையைவிட்டு அனுப்புகிறவள். அந்தப் பெண்மேல் கை வைக்காதே, அவள் கேட்டதைக் கேட்டாள், நாங்கள் சொன்னதை எழுதினாள். எங்கள் பதிலை நீ அடிக்க வேண்டும் என்றால் அடித்துவிடு, உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடித்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தாள் போன வாரம் வந்தது. சொந்தக்காரர் தாளை நான் சரிபார்க்கக் கூடாது. உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த விதியின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளைத் தொடாமல் பக்கத்து மேசை அண்ணனிடம் தள்ளிவிட்டேன். அவர் நல்ல மனிதர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடமாட்டார்.

மரத்தடியில் உட்கார்ந்து எழுதினவர்களை அனுப்பியபோது எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. அவர்கள் இல்லாத வீட்டைப் பற்றி எழுதினார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ இருந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாய். வித்தியாசம் இருக்கிறது என்று நம்ப முயல்கிறேன். உங்களைப் போலவே சில நாளில் எல்லை தாண்டி வெளியே நிற்கும் மற்ற வீடுகள் வேறு ஞாபகத்துக்கு வருகின்றன. அவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று ஏப்ரல் என்று சொல்ல மாமா கிடையாது. எட்டாவது கேள்வியின் எல்லையை மாற்றச் சொல்லிப் பெரியவருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். ஒன்றும் நடக்காது.

அண்ணன் மதியம் என்னிடம் வந்தார். "மொதல்ல இல்லைன்னு சொன்ன வீடு, இப்ப உண்டுங்குது. தேதியும் எல்லையை ஒட்டியே இருக்கு. அந்தத் தெருவுக்காக நீ அலைஞ்சியே, உனக்குத் தெரிஞ்ச இடமா? இது சரியா இருக்குமா?" என்றார்.

தெரிந்த இடம்தான், சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை இன்னொரு தடவை படித்தார். "மூணு வயசு," என்றார். "பேச்செல்லாம் நல்லா வந்திருக்குமே அதுக்குள்ள."

"வந்திருந்தது," என்றேன். "என்னைச் சித்தின்னு கூப்பிடுவான்."

தங்கை